ஒரு குமாஸ்தாவின் விண்ணப்பம்

எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சிப் பட்டத்திற்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவ நண்பர்கள் படிவத்தை நிரப்புவதில் அவ்வளவாகத் திணறுவதில்லை. அத்துடன் இணைக்க வேண்டிய இரண்டு பக்கக் கடிதத்தில்தான் திணறுகிறார்கள். 'எதை ஆராய விரும்புகிறீர்கள், ஏன்?' என்று பல்கலைக்கழகம் கேட்கிறது. நாமோ சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம் என்று தொடங்குகிறோம். கடுமையாக உழைப்போம் என்று உறுதி கூறுகிறோம். நாலு பேரிடம் காட்டி ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்பிவிடுகிறோம். அந்தக் கடிதத்தில் பணிவு இருக்கும், ஆர்வம் இருக்கும்; ஆராய்ச்சி மட்டும் இருக்காது.

நம் சென்னையிலிருந்து போன மிகப் புகழ்பெற்ற கடிதம் ஒன்றை இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு, 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு சீனிவாச இராமானுஜன் எழுதியது அது. மேதையின் கடிதம் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் வந்து சேர்ந்த விண்ணப்பமாகவே அதைக் கருதி, நிறை எது, குறை எது என்று பாருங்கள்.

தொடக்கம் மிகச் சாதாரணம். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில், ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளத்தில் தாம் ஒரு குமாஸ்தா என்கிறார். வயது ஏறக்குறைய 23 என்கிறார்; உண்மையில் அப்போது 25 நிறைந்திருந்தது. பல்கலைக்கழகக் கல்வி இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புத்தான் என்றும் சொல்கிறார். இங்கே சற்று நிற்க வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்து, பிற பாடங்களில் தவறியதால் அதை இழந்தவர் அவர். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. கடிதத்தில் இந்தக் கதை இல்லை. பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மை என்றும் சொல்ல முடியாது. மதிப்பெண் பட்டியல் இல்லாமல் விண்ணப்பம் மேசை தாண்டாத இந்தக் காலத்தில் நீங்கள் இதைப் பின்பற்றவும் முடியாது, பின்பற்றவும் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தம் தகுதிக் குறைவுக்கு அவர் ஒதுக்கியது ஓரிரு வாக்கியங்களே. புலம்பல் இல்லை. அடுத்த வரியிலேயே வேலைக்கு வந்துவிடுகிறார்.

கடிதத்தின் உயிர் இருப்பது மூன்றாம் பத்தியில். 'முடிவிலியின் வரிசைகள்' பற்றி ஹார்டி 1910இல் ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். அதன் 36ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டு இராமானுஜன் எழுதுகிறார்: கொடுக்கப்பட்ட ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்குத் திட்டமான கோவை இதுவரை காணப்படவில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், உண்மை விடைக்கு மிக நெருங்கி வரும் கோவை ஒன்றை நான் கண்டிருக்கிறேன்.

ஹார்டியின் பெருமையைப் பாடாமல், அவர் எழுதியதைப் படித்து, அதில் திறந்து கிடக்கும் ஒரு கேள்வியைப் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டுகிறார். இந்தக் கடிதம் ஹார்டி என்ற ஒருவருக்கே உரியது. பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. நம் கடிதங்களில் நெறியாளர் பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம் அல்லவா? பெறுகிறவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகா எண் முடிவு தவறிப்போயிற்று. பிழை புறக்கணிக்கத் தக்கது என்று அவர் சொன்ன அளவுக்கு அது நெருக்கமானதாக இல்லை. சிக்கலெண்களைக் கொண்டு சார்புகளை ஆராயும் துறை அப்போது அவருக்குத் தெரியாது. ஜீட்டா சார்புக்குச் சிக்கலெண் தீர்வுகளே இல்லை என்பது போல அவர் கணக்கிட்டுவிட்டார் என்று ஹார்டி பின்னாளில் விளக்கினார். கதவைத் தட்டப் பயன்பட்ட முடிவே தவறு. கதவு திறந்தது வேறு முடிவுகளால்.

கடிதத்துடன் இணைத்த தாள்களில் ஏறத்தாழ 120 தேற்றங்கள் இருந்தன. ஹார்டி நண்பர் லிட்டில்வுட்டுடன் சேர்ந்து அவற்றை ஆராய்ந்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சிலவற்றை முயன்று தாமே நிறுவ முடிந்தது. தொடர் பின்னங்கள் பற்றிய சில வாய்பாடுகளோ அவரைத் திகைக்க வைத்தன. அவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இவற்றைப் பொய்யாகக் கற்பனை செய்யும் ஆற்றல் எவருக்கும் இராது என்று முடிவு கட்டினார். ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து சோதித்துப் பார்க்கக்கூடிய சரக்கு அந்த உறையில் இருந்தது.

ஆனால் பெரிய குறையும் அங்கேதான். ஒன்றுக்காவது முழு நிறுவல் இல்லை. தாம் சென்ற வழியைச் சுட்டியிருப்பதாக மட்டும் சொல்கிறார். இதே இராமானுஜன் கேம்பிரிட்ஜிலேயே வேறு இரு கணித அறிஞர்களுக்கும் எழுதிப் பார்த்தார், பயனில்லை. அவர்களைத் திட்டுவது நம் வழக்கம். தபாலில் வரும் நிறுவலற்ற வாய்பாடுகளில் பெரும்பாலானவை குப்பை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? 1913 பிப்ரவரி 8இல் ஹார்டி எழுதிய பதிலே நிறுவல் கேட்டுத்தான் போயிற்று. இந்த இடத்தில் நான் ஹார்டியின் பக்கம். 120 முடிவுகளைக் காட்டிலும், முழு நிறுவலுடன் பன்னிரண்டை அனுப்பியிருந்தால், மற்ற இருவரும்கூட இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கக் கூடும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. இந்தக் கடிதங்களின் ஆங்கிலம் முழுவதும் இராமானுஜனுடையதாக இராது, நண்பர்கள் உதவியிருப்பார்கள் என்றே ஹார்டி கருதினார். அதனால் தேற்றங்களின் மதிப்பை அவர் குறைத்துவிடவில்லை. வாக்கியத்தைத் திருத்த உதவி கேட்பதில் வெட்கம் தேவையில்லை. வாக்கியத்துக்குள் இருக்க வேண்டியதைத்தான் பிறரிடம் கேட்க முடியாது.

உண்மையான விண்ணப்பம் 1913 பிப்ரவரி 27இல் எழுதிய இரண்டாம் கடிதத்தில் இருக்கிறது. நிறுவல் கேட்ட ஹார்டிக்கு அவர் நிறுவல் அனுப்பவில்லை. தம் முறையைச் சொன்னால் பைத்தியக்கார விடுதியைக் காட்டுவீர்கள் என்று அஞ்சுவதாக எழுதுகிறார். இலண்டன் பேராசிரியர் ஒருவர், விரியும் தொடர்களின் குழிகளில் விழாதே, நல்ல பாடநூலைப் படி என்று முன்பு அறிவுரை சொன்னதையும் குறிப்பிடுகிறார். பிறகு நேரே வயிற்றுக்கு வருகிறார். தாம் அரைப்பட்டினி கிடப்பவர் என்றும், மூளையைக் காக்க உணவு வேண்டும் என்றும், ஹார்டியின் பரிவான கடிதம் ஒன்று கிடைத்தால் பல்கலைக்கழகத்திலோ அரசிடமோ உதவித்தொகை பெற இயலும் என்றும் எழுதுகிறார். முதல் கடிதத்தில், மதிப்புள்ளவை என்று தோன்றினால் வெளியிட உதவுங்கள் என்றுதான் கேட்டிருந்தார். தமக்குத் தேவையானது இன்னதென்று சொல்ல ஆறு வாரம் ஆகியிருக்கிறது. இதையும் குறையாகவே எழுதிக்கொள்ளுங்கள். உதவித்தொகை வேண்டுமென்றால் வேண்டும் என்று எழுதுவது இழிவல்ல.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை, முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. எப்.ஏ.கூடத் தேறாதவருக்கு விதிப்படி இடமில்லை. ஆனால் இந்திய வானிலைத் துறைத் தலைவரும் தேர்ந்த கணித அறிஞருமான கில்பர்ட் வாக்கர், சென்னை வந்தபோது இராமானுஜனின் குறிப்பேடுகளைப் பார்த்துப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். ஹார்டியின் கருத்தும் வந்து சேர்ந்திருந்தது. விதி தளர்ந்தது. துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்தவருக்கு மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு.

இன்று இராமானுஜன் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அன்றும் விதி அவரை நிறுத்தத்தான் செய்தது. விஷயம் தெரிந்த இருவர் தாள்களைப் படித்ததால் உள்ளே போனார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முதுகலையில் குறைந்தது 55 சதவீதம் கேட்கின்றன. சில பிரிவினருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வின் வழியாகச் சேர்ப்பதானால் தேர்வுக்கு 70 பங்கு, நேர்முகத்துக்கு 30 பங்கு. மாணவர் தாமே செய்து பார்த்த வேலை பேச வேண்டிய இடம் அந்த 30 பங்குக்குள் அடங்கிவிடுகிறது. எதிரில் இருப்பவர்கள் அதையாவது முன்கூட்டிப் படித்துவிட்டு வந்து அமர்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. விதியைக் காட்டிலும் படிக்காத மேசையே மாணவருக்குப் பெரிய தடை.

சென்னைப் பல்கலைக்கழகம் பணத்தைச் சும்மா கொடுத்துவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. கடிதத்தில் வழியை முழுதாகக் காட்டாதவர், இந்த அறிக்கைகளில் தம் தொகையீட்டு முறையை எடுத்து விளக்க வேண்டியதாயிற்று. இன்றைய அளவுகோலில் அவை முழுமையான நிறுவல்கள் அல்ல. ஆனால் அவர் எப்படி நடந்தார் என்பது அங்கே தெரிகிறது. முதல் அறிக்கை 1913 ஆகஸ்டு 5ஆம் நாளிட்டது, இரண்டாவது நவம்பர் 7, மூன்றாவது 1914 மார்ச்சு 9. மார்ச்சு 17இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.