ஆத்தாளைப் பார்த்து எடுத்த குட்டி

எங்கள் கோம்பை நாய் செவலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மாரிகுப்பத்தில் என்னோடு தினமும் ரயிலேறி பெங்களூரு போய்வருகிறவர்கள் எல்லோரும் கேட்டாகிவிட்டது. கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன். கோம்பை நாய் மாதிரி ஒரு தோட்டத்து நாய் நான் கண்டதில்லை. நல்ல தாய்க்குப் பிறந்த கோம்பைக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டின் ராத்திரியே வேறு.

நைனா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் மைன்ஸை மூடினார்கள். கைக்கு வந்த பணத்தில் பேத்தமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கினார். கேழ்வரகு, நிலக்கடலை, கொஞ்சம் தக்காளி, இரண்டு கறவை மாடு, ஏழெட்டுக் கோழி. ராத்திரியில் அங்கே அவரும் அம்மாவும் மட்டும்தான். கடலை முற்றும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கினால், விடியும்போது பாதிக் கொல்லை உழுதுபோட்ட மாதிரி கிடக்கும். அதற்காகத்தான் நாய் தேடினேன்.

முதலில் ஏமாந்தேன். பெருநகரம் ஒன்றில் விற்கிறவர் ஒருவரிடம், முப்பது நாள்கூட ஆகாத குட்டியைக் கூண்டுக்குள் பார்த்து, அழகில் மயங்கி எடுத்து வந்தேன். தாயைக் காட்டச் சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்றே தெரியவில்லை. பதினோராம் நாள் பார்வோ நோயில் செத்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லேயே விதி வந்திருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். இருந்த இடத்தை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். ஒரு வருஷம் எந்தக் குட்டியையும் கொண்டுவரவில்லை.

அந்த ஒரு வருஷமும் எனக்குப் பள்ளிக்கூடம். சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் 2017-ல் கொண்டுவந்த புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் கர்நாடகத்து முதோல் ஊர் நாய்மேல் மனசு போனது. அங்கே திம்மாபூரில் அதற்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ராணுவமும் அந்த நாயை எடுத்துப் பழக்கியிருக்கிறது. ஆனால் முதோலும் நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைத் துரத்தி ஓடும் சாதி. முயல் ஒன்று குறுக்கே போனால் இரண்டு ஏக்கர் அதற்கு எந்த மூலை! 2005-ல் தபால்தலையில் வந்த ராஜபாளையத்து நாய் கம்பீரம்தான். ஆனால் அந்தத் தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வந்துவிடும். அந்த இனத்தில் எடுக்கிறவர்கள் குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். எனக்கோ இருட்டில் காதை நம்பி நிற்கிற நாய் வேண்டும், நின்ற இடத்தை விட்டுப் போகாத நாய். அப்படித்தான் கோம்பைக்கு வந்து சேர்ந்தேன்.

தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்தைத் தாண்டி, மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. அந்தப் பக்கத்தில் தென்னந்தோப்பும் ஆட்டுப்பட்டியுமாக இருந்த ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். குட்டி எங்கே என்று கேட்டதும் அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"குட்டியப் பாக்க வராதீக தம்பி. ஆத்தாளப் பாக்க வாங்க."

பட்டியை நோக்கி நாலு எட்டு வைத்தேன். செம்மண் நிறத்தில், மூஞ்சி மட்டும் கரி பூசின மாதிரி, அகன்ற மார்போடு ஒரு நாய் வந்து எனக்கும் ஆடுகளுக்கும் நடுவில் நின்றது. பாயவில்லை, வாலையும் ஒடுக்கவில்லை, அப்படியே நின்றது. பெரியவர் "நம்ம ஆளுதான்" என்றார். உடனே போய் நிழலில் படுத்துக்கொண்டது, கண் மட்டும் என்மேல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! தகப்பன் நாய் இரண்டு ஊர் தள்ளி இருந்தது. அதையும் கூட்டிப்போய்க் காட்டினார். தாய்க்கும் அதற்கும் உறவில்லை என்று மூன்று தலைமுறைக்கு வாய்க்கணக்காகச் சொன்னார்.

மறுபடி போனபோது குட்டிகளுக்கு ஐம்பத்தெட்டு நாள். பூச்சி மருந்தும் முதல் ஊசியும் முடிந்திருந்தது. பெரியவர் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். ஆறு குட்டியும் சிதறின. ஒன்று மட்டும் சுவரோரம் போய்த் திரும்பி, மெதுவாக வந்து தட்டை முகர்ந்தது. பயப்படாத குட்டியைத் தேடக்கூடாதாம், பயந்துவிட்டுத் திரும்பி வருகிற குட்டியைத்தான் எடுக்கவேண்டுமாம். அதுதான் செவலை.

வளர்ப்பதில் நான் கண்ட பெரிய ரகசியம், முதல் நாலு மாசத்தை வீணாக்கக் கூடாது என்பது. பிற்காலத்தில் எதையெல்லாம் சகஜமாக எடுத்துக்கொள்ளவேண்டுமோ அதையெல்லாம் அப்போதே காட்டிவிட்டோம்: மோட்டார் சத்தம், டிராக்டர், பால் கறக்க வருகிறவர், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். ஊசி முழுசாகப் போட்டு முடியும்வரை தெருநாய்கள் திரியும் இடத்தில் மட்டும் இறக்கவில்லை, தூக்கிக்கொண்டே போனேன். மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. கோழிதான் கஷ்டம். நீளக் கயிற்றில் கட்டி, கோழி மேயும் இடத்தில் அம்மா பக்கத்தில் உட்காரவைத்தோம். பாய்ந்தால் ஒரு அதட்டல், சும்மா இருந்தால் ஒரு வாய் முட்டை. மூன்று வாரத்தில் கோழி அவள் முதுகுமேல் ஏறி நின்றது.

சாப்பாடு எங்கள் சாப்பாடுதான்: கேழ்வரகுக் கூழ், தயிர், முட்டை, வாரத்தில் நாலு நாள் கறி. வேகவைத்த கோழி எலும்பும் வெங்காயமும் கிட்டவே கூடாது. காலையும் மாலையும் நைனா அவளை வரப்போரம் எல்லை சுற்றிக் கூட்டிப்போவார். கல்லுக்குக் கல், மூலைக்கு மூலை, தினமும் அதே தடம். ஆறு மாதத்தில் எங்கள் எல்லை எதுவென்று பத்திரத்தைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பகலெல்லாம் கட்டிப்போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. கட்டியே கிடக்கிற நாய் காற்றுக்கும் குரைக்கும், அதன் குரலை யாரும் மதிக்கமாட்டார்கள்.

செவலையின் குரலை எங்கள் வீட்டில் எல்லோரும் படிப்போம். மனுஷன் வந்தால் அடிவயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் குரைப்பாள். பாம்பென்றால் ஒரே இடத்தில் நின்று கீச்சுக் குரலில் ஓயாமல். பன்றிக்கு உறுமலும் குரைப்பும் கலந்து, வேலியோரம் ஓடிக்கொண்டே. நைனாதான் இதை முதலில் பிரித்துச் சொன்னார். அவர் வேலை பார்த்த சுரங்கம் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போனது. பாறை வெடித்துச் சிதறுவதற்குமுன் அதில் எழும் சின்னச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டுப் பழகியவர் அவர். இருட்டில் சத்தத்தை வைத்து ஆபத்தை எடைபோடுவது அவருக்குத் தொழில். இரண்டு பேரும் அதில் ஒரே ஜாதி!

போன வருஷம் கடலை முற்றியிருந்த ஒரு ராத்திரி. நான் தோட்டத்தில்தான் படுத்திருந்தேன். உறுமலும் குரைப்பும் கேட்டது. நைனா டார்ச்சை எடுத்துக்கொண்டு, "பன்னிடா, நாலஞ்சு இருக்கு" என்றார். பன்றியோடு மோதவிட்டால் கொம்பில் குத்துப்பட்டு நாய் செத்துப்போகும். அதனால் கூப்பிட்டால் திரும்பி வருவதைத்தான் அவளுக்கு எல்லாவற்றுக்கும் மேலாகப் பழக்கியிருந்தோம். வேலியோரம் குரைத்துக்கொண்டே ஓடினாள், நாங்கள் தகரத்தைத் தட்டினோம், பன்றிகள் ஏரிப்பக்கம் கலைந்து போயின. நைனா ஒரே ஒரு தரம் கூப்பிட்டார். மூச்சிரைக்க வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். காலையில் பார்த்தால் ஒரு செடிகூடப் பிடுங்கப்படவில்லை.

இப்போது செவலை ஐந்து குட்டி போட்டிருக்கிறாள். ஆண் நாயைத் தேடித் தேனிப் பக்கமே கூட்டிப்போய் வந்தேன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். ஐம்பத்தாறு நாள் ஆகட்டும், அதற்குமுன் வந்து செவலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தாறு. அம்மாவிடம் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.