கடப்புறத்து ஓட்டு எல்லாம் ஒரே பெட்டியா?

"கடப்புறத்து ஓட்டுல ஆராய்ச்சி பண்ண என்ன கிடக்கு மக்கா? சாமியார் பூசையில சொல்லுவாரு, அப்படியே குத்திட்டு வருவாங்க."

குளச்சலில் ஒரு டீக்கடையில் வைத்து உறவுக்கார அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னது. டிவி விவாதங்களிலும் இதையேதான் கொஞ்சம் நல்ல தமிழில் சொல்கிறார்கள். குமரி என்றால் மதக்கணக்கு, கணக்கு தப்பினால் அது அலை. இந்த இரண்டு விளக்கமும் எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல்.

எண்களைப் பாருங்க. கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பொன். ராதாகிருஷ்ணன் 2014இல் வாங்கியது 3,72,906 ஓட்டு. ஜெயித்தார். 2019இல் 3,67,302 வாங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்றார். 2024இல் 3,66,341, மறுபடி தோல்வி. அதே ஆள், அதே தாமரை. பத்து வருஷத்தில் குறைந்தது வெறும் 6,565 ஓட்டு. இதில் எந்த அலை வந்தது, எந்த அலை போனது?

எங்க வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அவுட்புட் மாறிவிட்டால், எந்த இன்புட் மாறியது என்று முதலில் தேடுவோம். இங்கே மாறியது எதிர்ப்பக்கம். 2014இல் காங்கிரஸ் வசந்தகுமாருக்கு 2.44 லட்சம், அதிமுக ஜான் தங்கத்துக்கு 1.76 லட்சம், திமுக ராஜரத்தினத்துக்கு 1.18 லட்சம், மார்க்சிஸ்ட் பெல்லார்மினுக்கு 35 ஆயிரம். நாலாகச் சிதறிக் கிடந்தது. ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஓட்டு என்றால் இப்படியா சிதறும்? 2019இல் காங்கிரஸ், திமுக, மார்க்சிஸ்ட் ஒரே அணி. வசந்தகுமாருக்கு 6,27,235. அந்த மூன்று கட்சியின் 2014 ஓட்டைக் கூட்டினால் நாலு லட்சம்கூடத் தேறாது. மிச்சம் எங்கிருந்து வந்தது? அதிமுக அந்தத் தேர்தலில் பாஜக கூட்டணி. ஆனால் தாமரைக்கு ஓட்டு கூடவில்லை. தலைமை கைகாட்டிய பக்கம் அதிமுக ஓட்டு போகவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

என் வாதத்துக்கு இடிக்கிற எண்ணையும் சொல்லிவிடணும். வசந்தகுமார் இறந்தபிறகு 2021இல் நடந்த இடைத்தேர்தலில் பாஜக 4,38,087 வாங்கியது. அன்றைக்கே சட்டமன்றத் தேர்தலும் நடந்தது. நாகர்கோவிலில் பாஜகவின் எம்.ஆர்.காந்தி, கன்னியாகுமரியில் அதிமுகவின் தளவாய் சுந்தரம் என்று கிழக்குப் பக்கம் இரண்டு தொகுதியும் அந்தக் கூட்டணிக்குப் போனது. குளச்சல், கிள்ளியூர், விளவங்கோடு காங்கிரஸுக்கு, பத்மநாபபுரம் திமுகவுக்கு. உள்ளூர் இரட்டை இலை வேட்பாளர் களத்தில் நின்றால் அந்த ஓட்டு கொஞ்சம் நகரும் போலிருக்கு.

மதம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65, கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். 1982 மண்டைக்காடு கலவரத்தை மறந்துவிட்டு இங்கே எந்த அரசியலையும் பேச முடியாது. ஆனால் அந்தக் 'கிறிஸ்தவ ஓட்டு வங்கி' 2019இல் ஜெயிக்க வைத்தது அகஸ்தீஸ்வரத்து இந்து ஒருவரை. அவருடைய அண்ணன் குமரி அனந்தனின் மகள் தமிழிசைதான் அப்போது பாஜக மாநிலத் தலைவர். வெறும் மதக்கணக்கு வைத்து இதை எப்படி விளக்குவது?

கடப்புறத்துக்கு நேரடியான காரணங்கள் இருந்தன. 2016இல் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வலுத்ததும் திட்டம் கோவளம்–மணக்குடி பக்கம் நகர்ந்தது. அப்போது கப்பல் துறை இணை அமைச்சரே பொன். ராதாகிருஷ்ணன்தான். மேலே உள்ளவங்களுக்கு அது வேலைவாய்ப்பு, மார்த்தாண்டம் மேம்பாலம் மாதிரி இன்னொரு வளர்ச்சி. வள்ளம் ஏற்றிவைக்கிற கரையை இழக்கப்போகிறவனுக்கு அது வேற கணக்கு. நடுவில் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் திரும்பி வரவில்லை. குழித்துறையில் சனம் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. இதற்கப்புறம் ஓட்டுப் போட அவர்களுக்குப் பூசையில் யாராவது சொல்லித்தரணுமா?

மாநிலத்தோடு ஒத்துப்போகாத பழக்கமும் இந்த மண்ணுக்குப் பழசு. 1967இல் விருதுநகரில் தோற்ற காமராஜரை, நேசமணி மறைவுக்குப் பிறகு வந்த 1969 இடைத்தேர்தலில் டெல்லிக்கு அனுப்பியது நாகர்கோவில் தொகுதி. 1971இல் தமிழ்நாட்டில் ஸ்தாபன காங்கிரஸ் ஜெயித்த ஒரே மக்களவைத் தொகுதியும் அதுவே. தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்.எல்.ஏ. வேலாயுதன் 1996இல் பத்மநாபபுரத்தில் ஜெயித்தார். 2016இல் ஜெயலலிதா ஆட்சியைத் தக்கவைத்தபோது குமரியின் ஆறு தொகுதியும் திமுக–காங்கிரஸ் பக்கம்.

'ஓட்டு வங்கி' என்று பெயர் வைத்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வேலை மிச்சம். ஒருத்தர் அங்கே போய்ப் பேசவே வேண்டாம். இன்னொருத்தர் ஓட்டு எப்படியும் வந்துவிடும் என்று சும்மா இருக்கலாம். அதனால் என் பெரிய கோபம் ஓட்டு வாங்குகிறவர்கள் மேல்தான். 1957இல் குளச்சலில் ஜெயித்த மீனவப் பெண் லூர்தம்மாள் சைமன் காமராஜர் மந்திரிசபையில் அமைச்சர். மாவட்டத்திலிருந்து அடுத்த மீனவப் பெண், தாரகை கத்பர்ட், விளவங்கோடு இடைத்தேர்தலில் ஜெயித்துச் சட்டமன்றம் போனது 2024இல். நடுவில் 67 வருஷம். டீக்கடை அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அது சரிதான்" என்றவர், இன்னொரு டீ சொன்னார்.