ஆறின எஞ்சின்

பழைய கார் பார்க்கப் போகும்போது மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போவது மற்றவர்களுக்குச் செலவு; எனக்குக் கச்சேரி. வந்ததும் சாவி கேட்க மாட்டார். காய்ச்சல் பார்ப்பதுபோல பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சுட்டால், "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க" என்று முணுமுணுத்துவிட்டு டீக்கடைக்கு நடையைக் கட்டுவார். ஆறின எஞ்சின்தான் உண்மை பேசுமாம். அப்புறம் விரல் முட்டியால் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே வருவார். டங், டங் என்று வந்த தகரம் ஓரிடத்தில் 'தொப்' என்று அமுங்கும். பெயிண்டுக்கு அடியில் பட்டி! அந்தப் பளபளப்பு என் கண்ணைத்தான் ஏமாற்றியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது சீட் பெல்ட் பார்க்கும் அழகு. நிதானமாகக் கடைசிவரை இழுத்து, யார் கையும் படாத அந்த அடிமுழத்தைத் தடவி, முகர்ந்தும் பார்ப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டியை என்னதான் கழுவினாலும் சேற்றுக்கறை அங்கேதான் ஒளிந்துகொள்ளும். 2015 சென்னை மழையைப் பார்த்த கை அது. பிறகு எஞ்சின் ஓட ஓட ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று கிளம்புகிறதா என்று குனிவார். கண்ணை மூடிக் கேட்பார். போன வாரம் அந்த நேரம் பார்த்து, விற்பவர் பெருமையாகப் பாட்டுப் போட்டார். "அதைக் கொஞ்சம் நிறுத்துங்க சார், வண்டி ஏதோ சொல்லுது" என்றார் அண்ணன். அந்த வண்டியை நாங்கள் வாங்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டது 500 ரூபாயும் ஒரு டீயும்.