கண்ணுக்கு மட்டும் பயிற்சி

எழுத வருகிறவர்களிடம் 'நல்லா கவனி' என்கிறோம். எதை, எங்கே நின்று என்று சொல்வதில்லை. கண் ஒரு சுத்தமான கருவி, தீட்டத் தீட்டக் கூர்மையாகும் என்கிற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. நானும் அதை நம்பியவன்தான்.

1974 அக்டோபரில் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக், பாரீஸின் சேன் சுல்பீஸ் சதுக்கத்தில் மூன்று நாட்கள் உட்கார்ந்து, கடந்துபோன பஸ்களின் எண்கள், புறாக்கள், பையோடு போகிறவர்கள் என்று ஒன்றுவிடாமல் குறிக்க முயன்றார். 1975இல் அது அச்சானது. விசேஷமானதை ஒதுக்கிவிட்டு, யாரும் பொருட்படுத்தாததைப் பார்ப்பதே அந்தப் பயிற்சி.

இந்த உற்சாகத்தில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு பேரை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம், பார்த்ததை மட்டும் எழுதணும். திரும்பி வந்த நோட்டுகளில் டீக்கடை இருந்தது, பெருக்குகிற அம்மா இருந்தார். பாய்லர் ஆவி, துடைப்பச் சத்தம், வளைந்த முதுகு எல்லாம் அழகாக வந்திருந்தன. பாராட்டினேன். ஒரு பெண்ணின் நோட்டில் மட்டும் வர்ணனையே இல்லை. அந்தம்மா மூன்று முறை தண்ணீர் குடித்தார், மூன்று முறையும் தன் பாட்டிலில். பத்தடியில் கடை, வாசலிலேயே தண்ணீர்க் குடம். அந்தப் பக்கம் போகவில்லை. இவ்வளவுதான், நாலு வரி. 'கொஞ்சம் வறட்சியா இருக்கே' என்றேன். 'எங்கம்மாவும் பெருக்குறவங்கதான் சார். அவங்க எங்கெல்லாம் போகமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்' என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மற்ற பதினோரு பேருக்கும் கண்ணில் குறையில்லை. கடையையும் பார்த்தார்கள், அந்தம்மாவையும் பார்த்தார்கள். நடுவில் கடக்கப்படாமல் கிடந்த பத்தடியைப் பார்க்கவில்லை. அன்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி அது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. நடப்பதைப் பட்டியல் போடலாம். நடக்க விடாமல் வைத்திருப்பதை எந்தப் பட்டியலில் போடுவது?

பாமாவின் 'கருக்கு' (1992) இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணம் சொன்னதும் அதே காட்சி கோபமாகிறது. அவள் பார்த்ததில் பிழையில்லை, கயிறு வரைக்கும் துல்லியமாகத்தான் பார்த்தாள். கயிற்றுக்குள் இருந்த சாதியைச் சொல்ல ஒரு அண்ணன் வேண்டியிருந்தது.

அப்போ கவனிப்புப் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். பெரெக் செய்ததைச் செய்யுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பட்டியலும் போடுங்கள்: இங்கே யார் வரவில்லை, யார் உட்காரவில்லை, யார் எதைத் தொடவில்லை. நோட்டும் கையுமாக உட்கார்ந்து பார்க்க எனக்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். புரியாததை அங்கே வாழ்கிறவர்களிடம் கேளுங்கள்.

அந்த நோட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிப் படித்தேன். அடுத்த பட்டறையை அந்த நாலு வரியில்தான் தொடங்கினேன்.