ஆயிரமாவது ஆளின் கதை எந்த வகை?

மதுரைப் பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் கூப்பிடு தூரம். அங்கே வழங்கும் நக்கீரர் கதையை மதுரைப் பக்கத்தில் பலரும் சின்ன வயதிலேயே கேட்டிருப்பார்கள். பொய்கைக் கரையில் நக்கீரர் சிவபூஜையில் இருக்கிறார். மரத்திலிருந்து ஓர் இலை விழுகிறது. பாதி நீரில், பாதி கரையில். நீரில் கிடந்த பாதி மீனாகிறது, கரையில் கிடந்தது பறவையாகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, நக்கீரரின் கவனம் சிதறுகிறது. அதற்காகவே காத்திருந்த பூதம் அவரைத் தூக்கிக் குகைக்குள் அடைக்கிறது. உள்ளே ஏற்கெனவே 999 பேர். ஆயிரம் சேர்ந்தால்தான் பூதத்துக்கு விருந்து. நக்கீரர் திருமுருகாற்றுப்படை பாட, முருகன் வந்து அத்தனை பேரையும் மீட்கிறான்.

கல்லூரியில் இலக்கிய மன்றம் தொடங்கும் மாணவர்கள் முதல் கூட்டத்துக்கு இந்தக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு கேள்வி கேட்டால் போதும். ‘அந்த 999 பேர் எப்படிச் சிக்கினார்கள்?’ என்றால் துப்பறியும் கதை. ‘குகைக்குள் அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்?’ என்றால் பேய்க்கதை. ‘இலை மீனாகிற உலகத்தில் வேறு என்னவெல்லாம் மாறும்?’ என்றால் அறிவியல் புனைவு. ‘அப்போது இந்த ஊரை ஆண்டவர் யார், காவலுக்கு இருந்தவர் யார்?’ என்றால் வரலாற்று நாவல். ‘அடைபட்டவர்கள் பகல் பொழுதை எப்படிக் கழித்தார்கள்?’ என்றால் யதார்த்தக் கதை.

கதை ஒன்றுதான், கேள்விதான் வகையைப் பிரிக்கிறது. எந்தக் கதையை எடுத்தாலும் அது எழுப்பும் கேள்வியோடு வாசிப்பதுதான் ரசனையின் முதல் படி. மர்ம நாவலில் ஆழம் இல்லை என்று சலித்துக்கொள்வதும், யதார்த்த நாவலில் திருப்பம் இல்லை என்று கொட்டாவி விடுவதும் ஒரே கோளாறுதான்.

துப்பறியும் கதை

சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது. வக்கீல் கணேஷ் அறிமுகமானது அதில்தான். மன்றத்தில் இதை முக்கால் பாகம் வரை படித்துவிட்டு நிறுத்துங்கள். குற்றவாளி யார், ஏன் என்று ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைக்கட்டும். முடித்த பிறகு சீட்டுகளைப் பிரித்துவிட்டு, முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். துப்பு எந்த வரியில் இருந்தது, அந்த வரியில் நம் கண்ணை வேறு பக்கம் திருப்பியது எது என்று தேடுங்கள். இந்த வகையின் ருசி இரண்டாம் வாசிப்பில்தான் இருக்கிறது.

பேய்க்கதை

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். வாசனை வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்குள் பயம் முதலில் மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர் என்பதையும் மறக்க வேண்டாம். வந்தது பேயா, அவர் கற்பனையா? மன்றம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடட்டும். இரண்டு கட்சிக்கும் கதைக்குள்ளேயே சாட்சி கிடைக்கும்.

அறிவியல் புனைவு

1980களில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 2021ஆம் ஆண்டில் நடக்கிறது. அந்த வருடமும் வந்து போய்விட்டது. சொன்னது பலித்ததா என்று கணக்குப் பார்த்தால் ஜோசியம் ஆகிவிடும். அந்த உலகத்தில் எந்தச் சட்டம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே மனிதர்களின் பெயரே நிலா, சிபி என்று இரண்டெழுத்தில் அடங்கியாக வேண்டும். பெயரைக் கத்தரிக்கும் அரசு இன்னும் எதையெல்லாம் கத்தரிக்கும் என்று யோசித்தபடி படித்தால், இயந்திர நாய் ஜீனோ மனிதரைவிட ஏன் நெருக்கமாகத் தெரிகிறது என்பது புரியும்.

வரலாற்று நாவல்

இந்த வகைக்கு, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஹார்விபட்டிக்காரரான சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ இருக்கிறது. 2008இல் வந்து, 2011இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. கோட்டை இடிபடும் பகுதியை மட்டும் முதலில் எடுங்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டது வரலாறு. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரைத்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றுவரை சுமக்கின்றன. சுவரோடு காவல் தெய்வங்களும் இறங்கிப் போவதாக எழுதுவது நாவல். ஆவணம் எங்கே முடிகிறது, புனைவு எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீதிகளில் நடந்தும் வரலாம்.

யதார்த்த நாவல்

ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வந்தது; கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள்தான் கதை. அடுத்து என்ன நடக்கும் என்று ஓடாமல், யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், கைக்காசு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். கந்தனை நல்லவன், கெட்டவன் என்று தீர்ப்புச் சொல்வதை மட்டும் கடைசிப் பக்கம் வரை ஒத்திப்போடுங்கள்.

கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர் போதும். ஒரு தடவைக்கு ஒரு படைப்பு. அறிமுக உரையை மட்டும் அந்த வகையைப் பிடிக்காதவரிடம் கொடுங்கள். மர்மக் கதை என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர் ‘நைலான் கயிறு’க்காகப் பரிந்து பேச வேண்டும். பிடித்தவருக்குப் பாராட்டச் சொற்கள் தயாராக இருக்கும். பிடிக்காதவர்தான் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் துருவிப் படித்துவிட்டு வருவார்.