கடினமும் நியாயமும்: பழைய பாணி வீடியோ விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

பழைய பாணியில் இன்று ஆக்கப்படும் விரைவு மிகுந்த வீடியோ விளையாட்டுகளுக்கு விமர்சகர் வழங்கும் மிக உயர்ந்த பாராட்டு, 'கடினமானது, ஆனால் நியாயமானது' என்பதாகும். இக்கூற்று கடினத்தைத் தூய அழகியற் பண்பாகக் கொள்கிறது. ஆனால், கடினத்துக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு.

1978இல் யப்பானில் தொமோஹிரோ நிஷிகடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், எதிரிகள் அழிய அழிய எஞ்சியோரின் வேகம் கூடும். இது முன்கூட்டிய கலைத் திட்டமன்று. வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் அக்காலப் பொறி விரைந்து இயங்கியதன் விளைவு. நிஷிகடோ அதனை நீக்காது ஏற்றுக்கொண்டார். கருவியின் வரம்பே கலைவடிவத்தின் விதியாயிற்று. மேலும், நாணயமிட்டு ஆடும் கூடத்தில் ஆடுபவரின் தோல்வியே உரிமையாளரின் வருமானம். ஒரே நாணயத்தில் நெடுநேரம் தோற்காதிருப்பவர் இலாபத்துக்குத் தடையானார்.

நாணயத் துளை மறைந்த பின்னரும் வடிவம் நிலைத்தது. 2010இல் வெளிவந்த 'சூப்பர் மீட் போய்' பழைய கொடுந்தடைகளைப் பேணியது; ஆயினும் அதன் பிரதான கட்டங்களில் இறப்புக்கு எண்ணிக்கை வரம்பில்லை; இறந்த மறுகணமே ஆட்டம் தொடங்கும். தண்டமாயிருந்த தோல்வி இங்கு பயிற்சியாகிறது. இது முன்னேற்றமே.

எனினும், இந்நியாயம் முழுமையானதன்று. விநாடிக்கு 60 படச்சட்டகங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு சட்டகத்தின் ஆயுள் ஏறத்தாழ 17 மில்லிவிநாடி. விசையை அழுத்தியது திரையிற் தோன்றச் சில சட்டகங்கள் பிந்தும் பழைய கணினியில், அதே பாய்ச்சல் அதே பாய்ச்சலன்று. வாவிக்கரை ஊரொன்றில் இரவல் கணினியில் ஆடும் மாணவருக்கும் புதுப்பொறி வாங்க வசதியுள்ளவருக்கும் விதி ஒன்றே, வாய்ப்பு ஒன்றல்ல. முதலாளித்துவச் சட்டம் கூறும் சமத்துவம் போன்றே இதுவும் வடிவச் சமத்துவமாகும்.

மட்டக்களப்பின் கொம்பு முறித்தலை இங்கு ஒப்புநோக்குதல் பொருந்தும். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த அவ்விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்னும் இரு கட்சியினர் கொம்புகளைக் கொளுவி இழுப்பர். கொம்பு முறிந்த கட்சி தோற்கும். கோயில் உரிமைகளைக் குடிவழியே பகிர்ந்த பழைய சமூக அமைப்பினுள் வளர்ந்த அச்சடங்கை இலட்சியப்படுத்துதல் தவறு. ஆயினும், விதியைக் காத்தவர்கள் ஆடிய ஊரவரே. வென்றவரும் தோற்றவரும் ஒரே ஊரில் வாழ்ந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வீடியோ விளையாட்டிலோ விதி விற்பனைப் பண்டத்தினுள் பூட்டப்பட்டுள்ளது. 2018இல் வெளிவந்த 'செலெஸ்ட்' ஆட்டத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கவும் ஆடுபவருக்கு இடமளித்தமை அப்பூட்டைச் சிறிது திறந்த செயலாகும். இதனால் வெற்றியின் பெறுமதி குறையும் என வாதிடுவோர், தமது கருவியின் வசதியைத் தமது திறமையாகக் கருதுகின்றனர். விரும்புவோருக்குக் கடினம் நிலைக்கட்டும். ஆனால், விதியை மாற்றும் உரிமையில் ஆடுபவருக்குப் பங்கில்லாதவரை, 'நியாயமானது' என்னும் தீர்ப்பு விற்பவர் தமக்குத் தாமே வழங்கும் சான்றிதழாகவே அமையும்.