'பால வைஞ்ஞானிக்': ஒரு மதிப்பீடு

விஞ்ஞானத்தைக் கற்றல் வேறு. விஞ்ஞானச் செய்திகளை மனனஞ் செய்தல் வேறு. முன்னையதற்கு ஆய்கூடம் இன்றியமையாதது என்றும், ஆய்கூடம் நகரப் பாடசாலைகளுக்கே வாய்ப்பது என்றும் பலர் கருதுவர். அக்கருத்தைச் செயலால் மறுத்த ஹிந்திப் பாடநூல் 'பால வைஞ்ஞானிக்' ஆகும். 'இளம் விஞ்ஞானி' என்பது அப்பெயரின் பொருள்.

மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என வழங்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டில் கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர் கிராமிய நிலையம் என்னும் இரு நிறுவனங்கள் 16 பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானக் கல்வி முயற்சியைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவிற்று. 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதனைப் பேணி வந்தது. அம்முயற்சியின் பயனாக, ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கென எழுந்ததே இந்நூல்.

வரைவிலக்கணத்தை முதலிற் கூறிப் பின்னர் உதாரணங் காட்டும் வழக்கத்தை இந்நூல் கைக்கொள்ளவில்லை. செய்யவேண்டியதைக் கூறும், கண்டதைக் குறிக்கச் சொல்லும், பின்னர் வினா எழுப்பும். விடையை மாணாக்கரே தேடி எழுதுதல் வேண்டும். பரிசோதனைகளுக்கு வேண்டிய பொருள்களுட் பலவற்றைக் கிராமமே அளித்தது. பூவைப் பிரித்து நோக்க ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் உதவிற்று. பரீட்சையும் இதற்கிசைய அமைந்தது. நூலைத் திறந்துவைத்தே விடையெழுதினர். செய்முறைத் தேர்வும் நடைபெற்றது. மனனத்துக்கே புள்ளி வழங்கும் பரீட்சை உள்ளவரை வகுப்பறையிற் பரிசோதனை நிலைபெறாது என்பதை இம்முயற்சியாளர் நன்குணர்ந்திருந்தனர்.

எனினும், இம்முறைக்கும் எல்லையுண்டு. பூவின் உறுப்புகளை முள் பிரித்துக் காட்டும். அணுவை அது காட்டமாட்டாது. புலனுக்கு எட்டாத கோட்பாடுகளை மாணாக்கர் தாமே கண்டறிவர் என எதிர்பார்த்தல் பொருந்தாது. அவ்விடத்து ஆசிரியரின் விளக்கமே துணையாக வேண்டும். விடை கூறாத நூல், பயிற்சி குன்றிய ஆசிரியரின் கையில் வெறும் வினாத் தொகுதியாய்விடும். அதனாலன்றோ விடுமுறைப் பயிற்சியும் மாதந்தோறுங் கூடும் ஆசிரியர் கூட்டங்களும் இம்முயற்சிக்குத் தூண்களாய் விளங்கின!

2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்திற்று. முப்பதாண்டு முயற்சி ஓர் ஆணையால் முடிவுற்றது. கருவேல முள் இன்றும் அக்கிராமங்களில் உண்டு; அதனைக் கருவியாக்கிய பயிற்சியும் பரீட்சையுமே இல்லாதொழிந்தன. தொலைதூரக் கிராமங்களுக்குக் கருவிப் பெட்டிகளை அனுப்புவதோடு கடமை முடிந்ததெனக் கருதுவோர் இவ்வுண்மையைச் சிந்தித்தல் வேண்டும்.